பவல் ஏரியில் குடும்பத்தோடு: வீட்டுப்படகா, கரையில் கூடாரமா, பகல் வாடகைப் படகா?

அமெரிக்காவில் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் கிடக்கும் பவல் ஏரிக்குப் போவது என்று முடிவானதும் குடும்பத்தில் எழும் வாதம் பெரும்பாலும் காசைப் பற்றியது. வீட்டுப்படகுக்கு இவ்வளவா என்று ஒருவர் மலைப்பார். கூடாரம் என்றால், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரால் தரையில் படுத்து எழ முடியுமா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் விடை கிடைக்காமல் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பேஜ் நகரத்தில் ஒரு விடுதி அறையைப் பதிவு செய்து, ஏரியை மேட்டிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். காசும் முதுகும் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் பாலைவன ஏரியில் எப்படித் தங்குவது என்று யோசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இருட்டிய பிறகு படகு யார் பொறுப்பில் இருக்கும்?

பகலில் எந்த ஏற்பாடும் இனிமையானதுதான். சிவந்த மணற்கல் சுவர்களுக்கு நடுவே பச்சை நீரில் மிதப்பதற்கு வீட்டுப்படகும் ஒன்றுதான், வாடகைக்கு எடுத்த தட்டைப் படகும் ஒன்றுதான். தொல்லை தருவது காற்று. அது பெரும்பாலும் பிற்பகலில் எழும், சில நாள் நள்ளிரவில் எழும். கயிறும் நங்கூரமும் தாங்குகின்றனவா என்று ஒருவர் எழுந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஏற்பாடுகள் உண்டு. மாலையில் படகைப் படகுத்துறையில் ஒப்படைத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிடக்கூடிய ஏற்பாடுகளும் உண்டு. விலைப்பட்டியலில் இந்த வேறுபாடு தெரியாது.

மற்ற ஏரிகளை ஏன் விட்டேன்

கொலராடோ ஆற்றில் குடும்பங்களை இழுக்கும் பாலைவன ஏரிகள் மூன்று: பவல், மீட், ஹவாசு. மூன்றும் அணைகளால் உண்டானவை.

ஹவாசு ஏரி 1938இல் முடிந்த பார்க்கர் அணைக்குப் பின்னால் கிடக்கிறது. ஃபீனிக்ஸிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐந்து. தெற்குக் கலிஃபோர்னியாவுக்கும் மத்திய அரிசோனாவுக்கும் போகும் கால்வாய்களுக்கு இங்கிருந்துதான் நீரை இறைக்கிறார்கள். அதனால் நீர்மட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருப்பார்கள். படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய கரையோர முகாம் இடங்கள் மேசையும் கழிப்பறையுமாக நிலையாக இருப்பது அந்தக் காரணத்தால்தான். ஏற்பாட்டளவில் மூன்றில் இதுவே எளிது. லண்டன் நகரத்தின் பழைய பாலத்தைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து 1971இல் இங்கே திறந்திருக்கிறார்கள். பாலைவனத்தில் லண்டன் பாலம் என்ற அபத்தம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வெயில்! ஹவாசு நகரத்தில் 1994 ஜூன் 29 அன்று 128 பாரன்ஹீட் பதிவானது. செல்சியஸில் 53. அரிசோனா மாநிலத்தின் உச்சம் இன்றும் அதுதான். பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலையில் அங்கே கூடாரம் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மார்ச் மாதத்தில் கல்லூரி மாணவர்களின் கூத்து. கூட்டம் கலைந்த ஏப்ரலிலோ, அக்டோபர் கடைசியிலோ மட்டும் தேதி கிடைக்கும் குடும்பம் என்றால், பவலை விட்டு ஹவாசுவுக்கே போகலாம்.

மீட் ஏரிக்கு ஒரே பலம் லாஸ் வேகஸ். விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நீரைத் தொட்டுவிடலாம். மற்றபடி கோடையில் லாஸ் வேகஸின் அனலேதான் அங்கும். 2022 ஜூலையில் நீர்மட்டம், ஏரி முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த 1937க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டுகளில் படகு இறக்கும் சரிவுப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்த ஏரியை உண்டாக்கிய ஹூவர் அணையைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பகலை இங்கே கழிக்கலாம். நான் இங்கே மனதில் வைத்திருக்கும் நான்கு நாள் குடும்பப் பயணத்துக்கு இது வேண்டாம்.

பவல் ஏரியில் உயரம் கை கொடுக்கிறது. பேஜ் நகரம் கடல்மட்டத்திலிருந்து 4,300 அடியில் இருக்கிறது. ஜூலையின் சராசரி உச்ச வெப்பம் 97 பாரன்ஹீட்டை ஒட்டி, அதாவது 36 செல்சியஸ். சென்னையின் மே மாதத்தைத் தாங்கியவர்களுக்கு இது பெரிதல்ல, புழுக்கமும் இல்லை. முக்கியமாக, இரவில் தூங்க முடியும். ஃபீனிக்ஸிலிருந்தும் லாஸ் வேகஸிலிருந்தும் ஏறக்குறைய 280 மைல், நான்கரை மணி நேரம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது.

நீர்மட்டத்தைப் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள்

மேட்டூர் அணை நிலவரத்தைக் காலைச் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏரியின் மனநிலை உடனே புரியும். இதை உண்டாக்கிய க்ளென் கேன்யன் அணையின் மதகுகளை 1963இல் மூடினார்கள். ஏரி முதன்முறை முழுக் கொள்ளளவை எட்ட 1980 ஜூன் வரை ஆனது. நிறைந்தால் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. அப்போது நீளம் 186 மைல். வளைவு நெளிவுகளை எல்லாம் சேர்த்தால் கரை 1,900 மைலுக்கும் மேல். ஆனால் 2023 வசந்தத்தில் மட்டம் 3,520 அடிக்கும் கீழே போனது. அந்த ஆண்டின் பெரும்பனி உருகியதும் ஒரே கோடையில் 60 அடிக்கு மேல் ஏறியது. பிறகு மறுபடியும் சரிந்தது. முன்பு நீர் நின்ற உயரம் வரை பாறைச் சுவர்களில் சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் பட்டை தெரியும். முதலில் அழகாகவும் பிறகு கவலையாகவும் இருக்கும்.

பயணத்துக்கு இதனால் என்ன? பழைய வரைபடமும், மூன்றாண்டுக்கு முன் போன நண்பரின் ஆலோசனையும் இன்று பயன்படாமல் போகலாம். பேஜுக்கு அருகே உள்ள வாவீப் படகுத்துறையிலிருந்து ஏரியின் பெரும்பகுதிக்குப் போகும் குறுக்குவழி ஒன்று உண்டு. காஸில் ராக் கட் என்பார்கள். நீர் குறைந்தால் அது மூடிவிடும். பிறகு ஆன்டலோப் தீவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஏறக்குறைய 12 மைல் கூடுதல். வேகமான படகுக்கு இது அரை மணி. மணிக்கு எட்டு மைல் ஊரும் வீட்டுப்படகுக்கு ஒன்றரை மணி, அதற்கான எரிபொருளும் சேர்த்து. நடு ஏரியில் எரிபொருள் நிரப்ப இருந்த ஒரே நிலையமான டாங்ளிங் ரோப் 2021இல் புயற்காற்றில் சேதமடைந்து மூடப்பட்டது. அது இல்லையென்றால் தெற்கு முனைத் துறைகளை விட்டால் அடுத்த பம்பு வடக்கே யூட்டாவில் உள்ள புல்ஃபிராக் பகுதியில்தான். இடையில் நூறு மைலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. முன்பதிவுக்கு முன் தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பில் மூன்றைப் பாருங்கள்: எந்தச் சரிவுப்பாதை திறந்திருக்கிறது, குறுக்குவழி ஓடுகிறதா, எரிபொருள் எங்கே கிடைக்கும்.

வீட்டுப்படகு

இதன் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, படுக்கை, மேல்தளத்தில் நிழல், அங்கிருந்து நேரே நீருக்குள் இறங்கும் சறுக்குமரம். பாட்டி கீழே தோசை வார்த்துக்கொண்டிருப்பார். பேரன் மேலிருந்து ஏரியில் குதிப்பான். வயதானவர்களுக்குப் படுக்கை, கழிப்பறை, நிழல் மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பது வேறு எந்த ஏற்பாட்டிலும் இல்லை. தனி உரிமமும் கேட்பதில்லை. துறையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள்.

எனக்குத் தயக்கம் அந்த ஒரு மணி நேரப் பாடத்தில்தான். 50, 60 அடி நீளமுள்ள உயரமான பெட்டி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி முகம் கொடுக்கும். அதை இரவில் நடு நீரில் நிறுத்துவதில்லை. மணற்கரையில் முகத்தை ஏற்றி, பின்புறத்திலிருந்து இருபுறமும் சாய்வாகக் கயிறுகளை இழுத்து, நங்கூரங்களை மணலில் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நான்கு குழிகள், வெயிலில். அதற்கு மண்வெட்டியும் இரண்டு திடமான ஆட்களும் வேண்டும். கயிறு தளர்ந்தால் படகு பக்கவாட்டில் கரையோடு ஒட்டிவிடும். பாறை இருந்தால் மிதவை கிழியும். நீர் இறங்கும் பருவத்தில் இன்னொரு தலைவலி: மாலையில் மிதந்த முன்பகுதி காலையில் மணலில் உட்கார்ந்திருக்கும். பனி உருகி நீர் ஏறும் மே, ஜூனில் எதிர்மாறாக, ஏறும் நீர் படகைத் தூக்கிக் கயிறுகளைத் தளர்த்திவிடும். இருட்டில் படகு ஓட்ட வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை; ஆகவே ஏதாவது ஆனால் விடியும் வரை சமாளிக்க வேண்டியது நீங்கள்தான்.

விலையும் ஒரு தடவையில் நிற்காது. சிறிய படகுகளுக்கே சில நாளுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். பெரியவை கோடையில் பத்தாயிரத்தைத் தாண்டும். எரிபொருள் தனி. வீட்டுப்படகு போய் நிற்கும் இடத்திலிருந்து குறுகலான கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைய ஒரு சிறிய படகும் வேண்டும், அதற்கும் வாடகை. மூன்று குடும்பங்கள் பகிர்ந்தால் ஆளுக்கு வரும் தொகை நல்ல விடுதிச் செலவை ஒத்திருக்கும். ஒரே குடும்பம் என்றால் இது வீண் ஆடம்பரம் என்பது என் கருத்து.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படகின் பின்புறம் நீந்த இறங்கும் தளம் இருக்கும். ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடும்போது அதைச் சுற்றிலும், குறிப்பாகத் தளத்துக்கு அடியிலும், கார்பன் மோனாக்சைடு தேங்கும். நிறமும் மணமும் கிடையாது. திறந்த வெளிதானே என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது. 1990 முதல் 2000 வரை இந்த ஓர் ஏரியில் மட்டும் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டவர்கள் 111 பேர் என்று அமெரிக்க அரசின் ஆய்வு கண்டறிந்தது. அவர்களில் 74 பேர் வீட்டுப்படகில் இருந்தவர்கள். அதன் பிறகு புகைக்குழாயை மேலே கொண்டுபோகும் வடிவமைப்புகள் வந்தன. ஆனாலும் விதி ஒன்றுதான்: ஜெனரேட்டர் ஓடினால் பின்பக்கம் யாரும் நீரில் இருக்கக் கூடாது. குளிர்சாதனத்துக்காக அதை ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள், அறையில் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று சாவி வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள்.

சிறிய படகும் கூடாரமும்

ஸ்பீட்போட் ஒன்றை எடுத்துக்கொண்டு, கூடாரம், அரிசி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் அதில் ஏற்றி, எங்காவது ஒரு மணற்கரையில் இரவு தங்குவது. ஏரியை உண்மையாகப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. இடத்துக்கு முன்பதிவு இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. பாறைச் சுவர்களுக்கு நடுவே விண்மீன்கள் நெருங்கித் தெரியும். இளைஞர்களுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இதையே சொல்வேன்.

கைக்குழந்தையோ, இரவில் இரண்டு முறை கழிப்பறைக்கு எழும் தாத்தாவோ இருந்தால் யோசிக்க வேண்டும். ஏரியிலிருந்து கால் மைலுக்குள் முகாமிடுகிறவர்கள், அங்கே கழிப்பறையோ படகில் கழிப்பறையோ இல்லாவிட்டால், மனிதக் கழிவை அடைத்து எடுத்துவரும் பெட்டியோ அதற்கான பையோ வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரோந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் உறவினர் ஒருவராவது உங்கள் குழுவில் இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு இந்த வழியில் போகாதீர்கள். நான்கு நாளும் அதே பேச்சாக இருக்கும்.

கூடாரத்தின் ஆணிகள் மணலில் நிற்காது. துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்தால்தான் நிற்கும். நிழலுக்குத் தனியாக ஒரு பந்தல் துணி வேண்டும். கூடாரத்துக்குள் பகலில் இருக்கவே முடியாது. ஐஸ் பெட்டியைப் பூட்டி வையுங்கள். அண்டங்காக்கைகள் இங்கே பட்டையைப் பிரிக்கும், மூடியைத் தூக்கும், புளிச்சோற்றுப் பொட்டலத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோகும். காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டுக் காலை விடுங்கள், தேள் உண்டு.

இரவுப் பொறுப்பு இங்கும் உங்களுடையதே, ஆனால் வீட்டுப்படகைவிடக் கொஞ்சம் இலகுவானது. சிறிய படகை இரண்டு பேர் தள்ளித் திருப்பலாம். ஆபத்து அலையில் இருக்கிறது. காற்று நேராக அடித்தால் பின்பக்கத் தாழ்வான விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே வரும். விரிந்த வளைகுடாவைப் பார்த்த கரையை விட்டு, பள்ளத்தாக்கின் ஒரு திருப்பத்துக்குள் ஒதுங்கிய கரையைத் தேடுங்கள். வாடகைக்குத் தருகிறவர்களில் எல்லோரும் இரவு வெளியே தங்க விடுவதில்லை. கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே கைப்பேசி பெரும்பாலும் எடுக்காது. படகு வானொலியில் 16ஆம் அலைவரிசையைப் பூங்காத் துறையினர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஆனால் அதையும் பாறைகள் மறைக்கும். மருத்துவமனை பேஜில்தான். இதய நோய், சர்க்கரை உள்ள பெரியவர்களோடு துறையிலிருந்து ஐம்பது மைல் தள்ளிப் படுப்பது தேவையற்ற துணிச்சல். விருந்தினர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு எடுத்த காப்பீடு மீட்புச் செலவுக்கு எவ்வளவு தரும் என்று படித்துப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

சொந்தப் படகோ, காற்றடைக்கும் கயாக்கோ கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குவாகா என்ற அயல்நாட்டுச் சிறு சிப்பி 2013 முதல் இந்த ஏரியில் நிலைகொண்டுவிட்டது. வெளியே வரும்போது அடைப்பானைக் கழற்றி முழுவதும் வடித்து, துடைத்து, உலர்த்தித்தான் வேறு நீர்நிலையில் இறக்க வேண்டும். சாலையில் சோதனை உண்டு. வாடகைப் படகில் இந்த வேலை இல்லை.

காரோடு கரைக்கு: லோன் ராக்

யூட்டா எல்லையைத் தாண்டியதும் வரும் லோன் ராக் கடற்கரை மாதிரியான பரப்பு. காரை நீர் விளிம்புக்கு அருகே ஓட்டிப்போய்க் கூடாரம் போடலாம். மலிவு, சில கழிப்பறைகள் உண்டு, கயாக்கோ துடுப்புப் பலகையோ இருந்தால் படகு வாடகையே தேவையில்லை. எழுதும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. போனால் மணல். தமிழ்க் குடும்பங்களின் தேசிய வாகனமாகிவிட்ட மினிவேன் அந்த மென்மணலில் அச்சு வரை இறங்கும். இழுத்துவிட ஆள் வரவழைத்தால் அன்றைய மலிவெல்லாம் போய்விடும். கெட்டியான தடத்தோடு நின்றுகொண்டால் நீர் தூரமாகிவிடும். நிழல் என்று ஒரு மரம்கூட இல்லை. பக்கத்திலேயே மணலில் பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டும் பகுதி, சுற்றிலும் ஜெனரேட்டர் சத்தம். நான்குசக்கர இயக்கம் உள்ள வண்டியும் சத்தத்தைப் பொருட்படுத்தாத மனமும் இருந்தால் ஓர் இரவு தங்கலாம்.

பகலில் படகு, இரவில் தரை

என் தேர்வு இதுதான். வாவீப் துறைக்கு அருகே உள்ள முகாம் மைதானத்தில் ஓர் இடம்; அதில் கழிப்பறை, குளியலறை, துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. கூடாரம் ஆகாதவர்களுக்கு அதே துறையில் ஏரியைப் பார்த்த விடுதி அறைகள் இருக்கின்றன. ஒரே பயணத்தில் பிள்ளைகள் கூடாரத்திலும் பெரியவர்கள் அறையிலும் படுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. நான்கு நாளில் இரண்டு பகலுக்கு மட்டும் பான்டூன் என்ற தட்டைப் படகை வாடகைக்கு எடுங்கள். நாளுக்குச் சில நூறு டாலர். பத்துப் பேர் வரை உட்காரலாம், மேலே துணிக் கூரை, ஓட்டுவது எளிது, நின்று நடமாட முடியும்.

காலை முதல் ஆளாகப் படகை எடுத்துவிட வேண்டும். பதினொரு மணி வரை நீர் கண்ணாடி. நவஹோ பள்ளத்தாக்கு, ஆன்டலோப் பள்ளத்தாக்கின் நீர்முகம் இரண்டும் ஒரு பகலுக்குள் அடங்கும். எங்காவது மணலில் ஏற்றி, நிழல் துணி கட்டி, சாப்பிட்டு, நீந்தி, காற்று வலுக்கும் முன் திரும்பிவிடலாம். ஐந்து மணிக்குக் கயிற்றைத் துறைக்காரர் கையில் கொடுத்தால் அன்றைய கவலை தீர்ந்தது. ஓடும் படகில் 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. என் வீட்டில் வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. கிணற்றில் நீந்திப் பழகிய பெரியவர்கள்தான் முதலில் கழற்றிப் போடுவார்கள். அவர்களைத்தான் முதலில் மிரட்ட வேண்டும். கரையிலிருந்து இரண்டடி தள்ளியே ஆழம் நூறடியாக இருக்கக்கூடிய ஏரி இது.

இந்த வழியில் இழப்பது ரெயின்போ பிரிட்ஜ். 290 அடி உயர இயற்கைக் கல்வளைவு. 1910 முதல் தேசிய நினைவுச் சின்னம். வாவீப்பிலிருந்து ஏறக்குறைய 50 மைல். பான்டூனில் போய்த் திரும்புவது ஒரு பகலுக்கு அதிகம். நீர்மட்டம் ஒத்துழைக்கும் காலத்தில் சுற்றுலாப் படகு ஓடும். ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்கலாம், ஓட்டும் வேலையும் உங்களுக்கு இல்லை. நீர் குறைந்த ஆண்டுகளில் இறங்குமிடத்திலிருந்து வெயிலில் நடக்க வேண்டிய தூரம் நீளும் என்பதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நவஹோ மக்களுக்கும் சுற்றியுள்ள பிற பழங்குடியினருக்கும் அது புனிதமான இடம். வளைவின் அடியில் நடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கோயில் மூலஸ்தானத்துக்கு வெளியே நிற்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படகே வேண்டாம் என்ற பகலில் ஆன்டலோப் பள்ளத்தாக்கை நிலத்தின் வழியே பாருங்கள். நவஹோ வழிகாட்டியோடுதான் அனுமதி. 1997 ஆகஸ்ட் 12 அன்று அங்கே பதினொரு பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. வழிகாட்டி இன்று மூடிவிட்டோம் என்றால் வாதாடாமல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். படகில் போகும்போதும், தூரத்தில் கருமேகம் தெரிந்தால் குறுகலான பள்ளத்தாக்குகளுக்குள் நுழையாதீர்கள்.

எப்போது, யார்

வசந்தத்தில், மே நடுப்பகுதி வரை, காற்று அடங்குவதில்லை. நீரும் பல்லைக் கிட்டவைக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பிற்பகல் இடிமழைக் காலம். இடையில் ஜூனின் முதல் மூன்று வாரங்கள் நல்லவை. மிகச் சிறந்தது செப்டம்பர்: வெயில் தணிந்திருக்கும், நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் போயிருக்கும். பள்ளி இருப்பதால் பெரும்பாலானோருக்கு அது கிடைக்காது. அரிசோனாவில் இருப்பவர்களுக்கு அக்டோபர் தொடக்கத்தில் வரும் ஒரு வார விடுமுறை நல்ல மாற்று. பிள்ளைகள் நீந்துவார்கள், பெரியவர்கள் கால் நனைப்பார்கள்.

மூன்று குடும்பங்கள், அவர்களில் இரண்டு பேருக்காவது படகுப் பழக்கம், செப்டம்பரில் ஐந்து நாள் விடுப்பு என்று எல்லாம் கூடிவந்தால் வீட்டுப்படகை எடுங்கள். அதுவும் துறையிலிருந்து இருபது மைலுக்குள் நல்ல கரை ஒன்றைப் பிடித்து, அதே இடத்தில் நின்றுகொண்டு, சுற்றுவதைச் சிறிய படகில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இடம் மாற்றினால் விடுமுறை முழுவதும் குழி தோண்டுவதில் போகும். படகே ஓட்டியறியாதவர்கள், ஃபீனிக்ஸ் பக்கம் இருந்தால், முதலில் நகரத்துக்கு ஒரு மணி நேரத்தில் இருக்கும் பிளெசன்ட் ஏரியில் அரை நாள் பான்டூன் எடுத்துப் பாருங்கள். யாருக்குக் குமட்டுகிறது, யார் சொன்ன பேச்சைக் கேட்கிறார், யார் துறையில் படகைக் கட்டும்போது கத்துகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது நேரத்தையும் கவனியுங்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டா மாற்றுகிறது, அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ நிலமும் மாற்றுகிறது. ஏரி இந்த மூன்றின் மீதும் கிடக்கிறது. எந்தக் கோபுரம் அகப்படுகிறதோ அதற்கேற்பக் கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். வாவீப், ஆன்டலோப் பாயின்ட் துறைகள் அரிசோனா நேரத்திலும் புல்ஃபிராக் யூட்டா நேரத்திலும் இயங்குகின்றன. கைப்பேசியின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, படகு எடுத்த துறையின் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அபராதம், தவறிச் சீக்கிரம் கொடுத்தால் காசு கொடுத்த ஒரு மணி நேரம் வீண்.